தொண்ணூறு நாள்

கடிதம் வின்னிபெக்கிலிருந்து வந்திருந்தது.
நான் போயிராத ஊர்.
அங்கே யாரோ ஒருவர்
என் கலியாணத்தைப் பற்றி யோசித்திருக்கிறார்.

தாங்கள் கணவரைப் பிரிந்து
தொண்ணூறு நாளுக்கு மேல் ஆகிறது என்பதற்கு
மூன்றாம் தரப்பு அத்தாட்சிகள் இரண்டு தேவை.
அதுவரை பிள்ளைகளுக்கான கொடுப்பனவு
நிறுத்தி வைக்கப்படுகிறது.

மாதம் இருபதாம் திகதி வருகிற காசு.
எங்கள் வீட்டில்
மாதமே இருபதாம் திகதிதான் பிறக்கும்.

இருப்பதை நிரூபிக்கலாம்.
சம்பளத் துண்டு, தடுப்பூசி அட்டை,
பெரியவனின் ஆஸ்துமா பம்ப்.
இல்லாத ஒருவனை?
வாசலில் அவன் சப்பாத்து இல்லை என்று
எந்த நொத்தாரிசு கையெழுத்து வைப்பார்?
குவளையில் மூன்று பல் தூரிகை நிற்கிறது, நாலு இல்லை.
படம் எடுத்து அனுப்பவா?

மேல்வீட்டு அருளானந்தம் அண்ணை நல்ல மனிதர்.
இரவு வேலைக்கு நான் போகும்போது
பிள்ளைகளுக்கு ஒரு காதைத் திறந்து வைத்துத் தூங்குவார்.
கடிதம் என்றதும் கழுத்தைச் சொறிந்தார்.
"வாடகையைக் காசாத்தானே பிள்ளை வாங்கிறன்.
எழுதிக் குடுத்தால் எனக்கும் கடிதம் வருமே."

அதுவும் சரிதான்.
இந்த பேஸ்மென்ட் எந்தக் கடதாசியிலும் இல்லை.
இல்லாத வீட்டில்
இல்லாத புருஷன்
இல்லை.

ஜனவரி இருபது. பெப்ரவரி இருபது.
குளிரறையில் குறோசானைத் தட்டில் அடுக்குகிறேன்,
தட்டுக்கு நாற்பத்தெட்டு.
கோயிலில் ஒரு அம்மா கேட்டா:
"உங்களுக்கென்ன, அரசாங்கக் காசு வருமே?"
சம்பளத் துண்டை மடித்து வைத்திருந்தேன்.
அதில் வருமான வரி என்ற வரியை
அவவுக்குக் காட்டவில்லை.
பனி தள்ளும் மண்வெட்டிக்கும்
நூற்றுக்குப் பதின்மூன்று கட்டியிருக்கிறேன்.
அந்த அரசாங்கத்தில்
என் விரல் மரத்த இரவுகளும் கொஞ்சம் கிடக்கும்.

மோல்வேர்ன் நூலகத்தில் சனிக்கிழமைகளில்
வரிப் படிவம் இலவசமாக நிரப்பித் தருவார்கள்.
வரிசையில் இரண்டரை மணித்தியாலம்.
மார்லின் என்ற பிலிப்பைன்ஸ் பெண்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டாள்:
"அவன் போன பிறகு
எங்கேயாவது அவன் பெயரை வெட்டினாயா?"

வெட்டினேன்.
செப்டம்பரில். பள்ளிக்கூட அவசர அட்டையில்.
தகப்பன் என்ற கோட்டில் கிடந்த இலக்கத்தை,
நீலப் பேனையால்.
மிதுர்ஷா பக்கத்தில் நின்று பார்த்தாள்.
"அப்பா ஃபோன் எடுக்க மாட்டாரா?"
"எடுப்பார்" என்றேன். "வர மாட்டார்."

காரியாலயப் பெண் அட்டையைத் தேடி எடுத்தாள்.
வெட்டுக்குப் பக்கத்தில் அவர்களுடைய முத்திரை,
திகதியோடு.
நகல் இயந்திரத்தில் வெளிச்சம் ஒருமுறை ஓடியது.
என் கோடு நேராக இல்லை என்பதை
அன்றைக்குத்தான் கண்டேன்.

இரண்டாவது, ஞாயிறு இரவு படி இறங்கி வந்தது.
கொப்பித் தாளில், கையெழுத்தில்,
வாடகை என்ற சொல் எங்கும் இல்லாமல்:
'இந்தப் பனிக்காலம் முழுவதும்
அந்தத் தம்பியின் கார் நின்ற இடத்தையும்
நானே தள்ளித் துப்புரவாக்கினேன்.
ஒரு நாளும் அங்கே சில்லுத் தடம் இருக்கவில்லை.
இங்ஙனம், அ. அருளானந்தம்.'
மார்லின் அதை ஆங்கிலத்தில் எழுதும்போது
ஒரு இடத்தில் நிறுத்தி
மூக்கைச் சிந்தினாள். தடிமன் என்றாள்.

மே மாதம் ஐந்து மாதக் காசும் ஒன்றாக விழுந்தது.
பாக்கி வாடகையை அண்ணை எண்ணாமல் வாங்கினார்.
பனிச் சப்பாத்து பாதி விலைக்குப் போனது,
இரண்டு அளவு பெரிதாக எடுத்தேன்.
பெரியவனின் சுற்றுலாவுக்குப் பதினெட்டு டொலர்,
உறையில் போட்டு ஒட்டினேன்.

பின்னாலேயே ஒரு கடிதம்.
தங்கள் குடும்ப நிலை திருத்தப்பட்டுள்ளது:
பிரிந்தவர்.

யோகரூபன் போகிறேன் என்று சொல்லவில்லை.
கல்கரிக்கு லொறி என்றான், இரண்டு கிழமை என்றான்.
வின்னிபெக்தான் சொன்னது.
கடிதத்தை எறியவில்லை,
தடுப்பூசி அட்டைகளோடு வைத்தேன்.

அடுத்த வருசமும் கேட்பார்களாம்.
அண்ணை இப்போதே சொல்லிவிட்டார்,
பனி விழட்டும் பிள்ளை,
பாத்து எழுதுவம்.